ஜிம்மிக்கு என்ன குடுக்கிறது?

கலைப்பீடத்துக்கு வந்து மூன்று வருசத்தில் நாங்கள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒழுங்காக எழுதி முடித்த கொப்பி ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாயின் சாப்பாட்டையும் மலத்தையும் பற்றிய கொப்பி. எண்பது பக்கம். இதை வாசிக்கிற எங்கட விரிவுரையாளர்கள் மன்னிக்கவேணும்.

நாங்கள் நாலு பேர். திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு ஆச்சியின் வீட்டுப் பின்பக்கத்து ரெண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி மன்னார், ஒருத்தி வவுனியா, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹற்றன். ஆச்சிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். முன்பக்கத்தில் ஆச்சி, பின்பக்கத்தில் நாங்கள், நடுவில் ஒரு கிணறு.

போன மாரியில் ஒரு நாள் பின்னேரம், லெக்சர் முடிந்து வரும்போது மதகுக்குள் ஒரு நாய் நனைந்துகொண்டு இருந்தது. ஒரு வயது இருக்கும். மண்ணிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. நாங்கள் கூப்பிடவில்லை. ஆனால் அது பின்னால் வந்தது. படலையைத் திறந்ததும் எங்களுக்கு முன்னால் உள்ளே போய் ஆச்சியின் விறாந்தையில் படுத்துவிட்டது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஜிம்மி, அங்கால போ" என்றா. பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டோம். "இந்த வளவில நிண்டதெல்லாம் ஜிம்மிதான். இது நாலாவது" என்றா. அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டா: "விறாந்தையில ஊத்தை பண்ணினால் ரெண்டு பேரையும் கலைச்சுப்போடுவன்." ரெண்டு பேர் என்றது ஜிம்மியையும் எங்களையும்.

அடுத்த வாரமே அந்த நிபந்தனை முறிந்தது.

இப்ப யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. நாலு பேரும் நாலு ஊரிலிருந்து வந்தவர்கள், நாலு பேருக்கும் நாயைப் பற்றி நாலு வேதம். மட்டக்களப்புக்காரிக்குத் தயிர் என்றால் எல்லா வருத்தத்துக்கும் மருந்து. ஹற்றன்காரியின் வீட்டில் நாய்க்கு ரொட்டியைப் பால் தேத்தண்ணியில் தோய்த்துக் குடுப்பார்கள். வவுனியாக்காரி தன்ர சோத்துப் பார்சலில் கோழி எலும்பையும் குழம்பு ஊறின சோத்தையும் ஒதுக்கி வைப்பாள். மன்னார்க்காரி மீன் தலையும் கருவாடும். ஒருத்தி குடுத்தது மற்றவளுக்குத் தெரியாது. ஜிம்மியும் சொல்லமாட்டான். ஒவ்வொருத்தியின் வாசலிலும் போய், அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு என்கிற மாதிரி இருப்பான்.

முதலில் சத்தி எடுத்தான். பிறகு வயிற்றோட்டம். "புல்லுத் தின்பான், மாறும்" என்றா ஆச்சி. புல்லும் தின்றான், மாறவில்லை. ரெண்டு நாள் நல்லாக இருப்பான், மூன்றாம் நாள் இரவு விறாந்தையில் தண்ணியாகப் போயிருக்கும். விடிய ஐந்து மணிக்கு ஆச்சி எழும்ப முதல் நாங்கள் எழும்பிக் கழுவுவோம். விலா எலும்பு எண்ணக்கூடிய மாதிரித் தெரியத் தொடங்கியது.

நாங்கள் செய்தது என்னவென்றால், இன்னும் குடுத்தோம். மெலிகிறான்தானே என்று பால்மா கரைத்துக் குடுத்தோம். அது கூடாது என்று யாரோ சொல்ல மாரி பிஸ்கட். பிறகு பாண். பிறகு ஒரு சீனியர் அக்கா தன்ர நாய்க்கு வாங்கி மிஞ்சின பெட்டிச் சாப்பாட்டைத் தந்தா, அதைக் கோப்பை நிறையப் போட்டோம். இரவு முழுக்க வயிற்றுக்குள் தண்ணிக் குழாய் ஓடின மாதிரிச் சத்தம். "இதுவும் ஒத்துக்கொள்ளேல்ல" என்று அடுத்ததுக்குப் போனோம். பத்து நாளில் எட்டுச் சாப்பாடு மாற்றியிருப்போம். எதையும் ரெண்டு நாளுக்கு மேல் வைக்கவில்லை.

வவுனியாக்காரியோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஒருத்தி பேராதனையில் மிருக வைத்திய பீடத்தில் படிக்கிறாள். இலங்கையில் அந்தப் படிப்பு உள்ள ஒரே பீடம் அதுதான். ஒரு இரவு அவளுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தோம். அவள் மருந்து எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகிறான்? கொஞ்சம் கொஞ்சமாகக் கனதரமா, ஒரேயடியாகக் கனக்கவா? சளி மாதிரி இருக்கா? ரத்தம்? கடைசியாக என்ன சாப்பிட்டான்? எவ்வளவு?

ஒரு கேள்விக்கும் எங்களிடம் ஒரு பதில் இல்லை, நாலு பதில் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அவன் நாலு வீட்டில சாப்பிடுறான். முதல்ல நீங்கள் ஒரு வீடாகுங்கோ. பிறகு டொக்டரிட்டக் காட்டுங்கோ."

அதோடு ஒன்றை விளக்கினாள். நாயின் குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் வழமையாக வருகிற சாப்பாட்டுக்குப் பழகியிருக்கும். திடீரென்று மாற்றினால் நல்ல சாப்பாடும் வயிற்றைக் குழப்பும். மாற்றுவதென்றால் முதல் ரெண்டு மூன்று நாள் காற்பங்கு புதியது, பிறகு அரைவாசி, பிறகு முக்கால், இப்படி ஏழு தொடக்கம் பத்து நாள் எடுக்கவேணும். அந்தப் பெட்டிச் சாப்பாடு பிழையாக இருந்திருக்கத் தேவையில்லை, நாங்கள் குடுத்த விதம்தான் பிழை.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் போனோம். நாயை ஏற்றமாட்டோம் என்று ரெண்டு ஒட்டோ போய்விட்டது. மூன்றாவது அண்ணா, "மடியில வைச்சிருந்தால் வாங்கோ" என்றார். ஒரு யோகட் கப்பில் ஜிம்மியின் மலம். அதை யார் பிடிப்பது என்று சீட்டுப் போட்டுத்தான் முடிவெடுத்தோம்.

நிறை 9.4 கிலோ. மலத்தைப் பார்த்ததில் கொக்கிப்புழு முட்டை. தெருவில் நின்ற நாய்க்கு இது சாதாரணம் என்றார் டொக்டர். பிறகு நாங்கள் தேடி வாசித்தபோது, ஆசியாவில் நாய்களிலும் மனிதரிலும் காணப்படுகிற ஒரு கொக்கிப்புழுவுக்கு அன்சைலொஸ்டோமா சிலானிகம் என்று பெயர் இருப்பதைக் கண்டோம். சிலோன் என்ற எங்கட நாட்டின் பழைய பெயர் ஒரு புழுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரலாறு படிக்கிற எங்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமையும் வந்தது, ஏனென்று கேட்காதீர்கள்.

புழு மருந்து தந்தார், தடுப்பூசி போட்டார். பிறகு, "என்ன குடுக்கிறனீங்கள் தங்கச்சி?" என்று கேட்டார். நாலு பேரும் உண்மையைச் சொன்னோம். அவர் ஒவ்வொன்றாக விரல் மடித்தார்.

பால்: வளர்ந்த நாய்களில் கனக்கவுக்குப் பாலில் உள்ள லக்டோசைச் சமிக்கச் செய்கிற நொதியம் போதியளவு இல்லை, அதனால் வயிற்றோட்டம் வரும். தயிரில் லக்டோஸ் குறைவு, ஆனால் குழம்பின வயிற்றுக்கு அது மருந்தில்லை. தேத்தண்ணியில் உள்ள கஃபீன் நாய்க்குக் கூடாது. சமைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டில் உப்பு. குழம்பில் தேங்காய்ப்பாலும் எண்ணெயும், அவ்வளவு கொழுப்பு கணையத்தையே வீங்கவைக்கலாம். எல்லாவற்றிலும் மோசம் வெங்காயமும் உள்ளியும். அவை நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. "எங்கட கறியில வெங்காயம் இல்லாதது எது?" என்று எங்களையே கேட்டார்.

நாங்கள் குடுத்ததில் சரியானது எது என்று கேட்டோம். "சோறு" என்றார்.

அது எங்களுக்கு ஆச்சரியம். நாய் ஓநாயின் வழி, இறைச்சிதான் அதின் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு வாசித்தோம். மாச்சத்தைச் சமிக்கச் செய்கிற அமிலேஸ் நொதியத்துக்கான பரம்பரையலகு ஓநாயில் ரெண்டு பிரதிதான் இருக்கிறதாம். நாய்களில் 4 தொடக்கம் 30 வரை இருப்பதாக 2013 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வு சொல்கிறது. மனிதரோடு சேர்ந்து தானியம் தின்னத் தொடங்கிய பிறகு நாயின் உடம்பே மாறியிருக்கிறது. எங்கட கோப்பையில் மிஞ்சினதுக்காக ஒரு மிருகம் தன்ர வயிற்றை மாற்றிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அந்தச் சோத்துக்கு மேல் மிளகாய்த்தூளையும் வெங்காயத்தையும் கொட்டி, "தின்னடா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டொக்டர் சொன்ன திட்டம் சின்னது. வெள்ளை அரிசியைக் குழைய அவிக்கவேணும். ஆச்சி சத்து என்று சொல்கிற சிவப்புத் தவிட்டரிசி நல்லதுதான், ஆனால் வயிறு குழம்பியிருக்கும்போது அந்த நார் வேண்டாம். தோலும் கொழுப்பும் எடுத்த கோழியை உப்புப் புளி இல்லாமல் தண்ணியில் அவிக்கவேணும். ஒரு பங்கு கோழிக்கு ரெண்டு பங்கு சோறு, நாளைக்கு நாலு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. வேறு ஒன்றும் இல்லை. தண்ணி எப்பவும் இருக்கவேணும். ரத்தமாகப் போனால், தண்ணியும் குடிக்காமல் படுத்தால், அடுத்த நாள் வரை காத்திராமல் கொண்டுவரவேணும்.

கொப்பி அன்றைக்கு இரவு தொடங்கியது. மூன்றாம் வருசத்தில் எங்களுக்கு ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம். மாறி, சாராமாறி என்று எழுதிப் பாடமாக்கினோமே தவிர விளங்கினதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேணும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கவேணும் என்பது ஜிம்மியிடம்தான் விளங்கியது. நேரம், என்ன குடுத்தது, எத்தனை கரண்டி, யார் குடுத்தது, எத்தனை தரம் போனான், எப்படி. மலத்தின் தன்மைக்கு மிருக வைத்தியர்கள் 1 தொடக்கம் 7 வரை ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 1 என்றால் கல்லு மாதிரி, 7 என்றால் தண்ணி, 2 நல்லது. காலையில் ஒருவரையொருவர் சந்தித்தால் "குட் மோர்னிங்" இல்லை, "எத்தனை?" என்றுதான் கேட்போம்.

ரெண்டு வாரத்தில் 7 இலிருந்து 4 க்கு வந்தான். அதற்குக் கீழே இறங்கவில்லை. அதோடு இன்னொன்றையும் கண்டோம். எப்பவும் முன்னங்காலை நக்கிக்கொண்டு இருந்தான். காதைச் சொறிந்தான். உள்ளே சிவந்திருந்தது. அதை நாங்கள் தெள்ளு என்று நினைத்திருந்தோம். டொக்டர் காதைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், சாப்பாட்டு ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். நாய்களுக்குக் கூடுதலாக ஒவ்வாமை தருகிறவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. பெரும்பாலும் புரதம்தான் பிரச்சினை. ஜிம்மி பிறந்ததிலிருந்து தெருவில் தின்றது என்ன? கொத்துக்கடைக் கோழி, சோத்துப் பார்சல் கோழி. நாங்களும் அதையே அவித்துக் குடுத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு நாங்கள் நம்பக்கூடிய ரத்தப் பரிசோதனை இல்லை என்றார். ஒரே வழி, கோழியே இல்லாமல், ஒரே ஒரு புரதமும் ஒரே ஒரு மாச்சத்தும் எட்டு வாரத்துக்குக் குடுத்துப் பார்ப்பது. பிஸ்கட் துண்டு கூட இடையில் போகக்கூடாது. போனால் கணக்கு முதலிலிருந்து.

ஒவ்வாமை உள்ள நாய்களுக்கென்று செய்த பெட்டிச் சாப்பாடும் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகாபொல காசு வருகிற மாதத்திலேயே நாங்கள் மத்தியானம் ஒரு பார்சலை ரெண்டு பேர் பிரிக்கிற ஆட்கள். "மீன் குடுக்கலாமா?" என்று மன்னார்க்காரி கேட்டாள். அவன் மீன் அதிகம் தின்றிருக்கமாட்டான் என்றால் அதுவே நல்லது என்றார். ஆனால் சோறும் மீனும் மட்டும் கனகாலத்துக்குப் போதாது, கல்சியம் குறையும் என்று சொல்லி, சேர்க்கவேண்டிய குளிசையையும் எழுதித் தந்தார்.

அன்றிலிருந்து எங்கட வீட்டில் மன்னார் ஆட்சி. சந்தையில் பத்து மணிக்குப் பிறகு விலை இறங்குகிற நேரம் பார்த்து மலிந்த மீன் வாங்குவாள். அவித்து, ஆறவிட்டு, நாலு பேரும் குந்தியிருந்து முள்ளெடுப்போம். எட்டுக் கை, அரை மணித்தியாலம். எங்களுக்கு முள்ளோடு, அவனுக்கு முள்ளில்லாமல்.

முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். ரெண்டாம் வாரம் 3. மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை கொப்பியில் முதல் தரமாக 2 என்று எழுதினோம். அந்தப் பக்கத்தில் ஒருத்தி பூ கீறியிருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை 6.

சரி, ஏதோ தெருவில் தின்றிருப்பான் என்று படலையைக் கட்டினோம். செவ்வாய் 5, வியாழன் 3, சனி 2. திங்கள் 6. அதற்கடுத்த வாரமும் அப்படியே. காதுச் சொறிவும் திரும்ப வந்துவிட்டது.

யாரோ குடுக்கிறார்கள். படலை கட்டியிருக்கிறது, வளவுக்குள் நாங்கள்தான். எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது ஹற்றன்காரிதான், ஏனென்றால் ஆரம்பத்தில் ரகசியமாகப் பிஸ்கட் குடுத்துப் பிடிபட்டவள் அவள். ஒரு இரவு மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம். கேட்டோம் என்பது மரியாதையான சொல். "நான் குடுக்கலடி, சத்தியமா குடுக்கல" என்றாள். "அப்ப ஞாயிற்றுக்கிழமையில நீ மட்டும்தானே அறையில நிக்கிறனி?" என்றோம். மற்ற மூன்று பேரும் ஞாயிறு பின்னேரம் ரியூஷன் குடுக்கப் போவோம். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த மூன்று நாள் முள்ளெடுக்கவும் வரவில்லை. ஒரு நாயின் வயிற்றுக்காக நாங்கள் ஒரு வீடானோம் என்று பெருமைப்பட்டதெல்லாம் அந்த இரவில் முடிந்துபோன மாதிரி இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்ததும் அவள்தான். வந்து எங்களைத் திட்டவில்லை, கொப்பியைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கோடிட்டுக் காட்டினாள். "ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல என்ன சமைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆச்சி வீட்டில் மரக்கறி. ஞாயிற்றுக்கிழமை கோழி.

அடுத்த ஞாயிறு நாங்கள் யாரும் ரியூஷனுக்குப் போகவில்லை. ரெண்டு மணியளவில் ஆச்சி குசினியின் பின்கதவைத் திறந்தா. ஒரு பழைய அலுமினியக் கோப்பை. குழம்பு விட்டுப் பிசைந்த சோறு, மேலே கோழித்துண்டு. ஜிம்மி ஏற்கனவே படியில் இருந்தான். ஆச்சி படியில் குந்தி அவன் தின்னும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தா. ஏதோ கதைத்துக்கொண்டும் இருந்தா, எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் கிணற்றடியில் நின்றோம். போய் நிறுத்தவில்லை.

இரவு ஹற்றன்காரியிடம் மன்னிப்புக் கேட்டோம். "நானா இருந்தா திட்டிட்டீங்க. ஆச்சின்னா என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் கேள்வி. நீங்கள் குடுக்கிற சாப்பாடு வருத்தம் தருகிறது என்று எங்கட ஊரில் ஒரு பெரிய மனுசிக்கு எப்படிச் சொல்வது? சாப்பாட்டை வேண்டாம் என்பதே குற்றம். அதுவும் வீட்டுக்கார ஆச்சி. மனம் நொந்து ஜிம்மியைக் கலைத்துவிட்டால்? எங்களையும் எழும்பச் சொன்னால்? யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் இழுத்தோம். அதற்குள் இன்னொரு ஞாயிறு வந்துபோனது. கொப்பியில் அந்தத் திங்கட்கிழமைக்கு 7 என்று இருக்கிறது. தெரிந்துகொண்டே விட்டது அந்த ஒரு நாள்தான். அது எங்கட கணக்கில்தான் சேரும்.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் கொப்பியோடு போனோம். ஆச்சி தேத்தண்ணி போட்டுத் தந்தா. மட்டக்களப்புக்காரி, எங்களில் கொஞ்சம் இனிமையாகப் பேசக்கூடியவள், டொக்டர் சொன்னது, கோழி, காது, கால் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். ஞாயிறு, திங்கள் என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

ஆச்சி கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தா. கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

"தொண்ணூற்றஞ்சில வெளிக்கிடேக்க ரெண்டாவது ஜிம்மி நிண்டவன்" என்றா.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பிப் போனது பற்றி நாங்கள் பாடத்திலும் படித்திருக்கிறோம், வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். எங்களில் ஒருத்தரும் அப்ப பிறக்கவில்லை.

"மழை. சனத்துக்குள்ள நாயைக் கொண்டு போகேலாது. கயித்தை அவிட்டு விட்டிட்டு, ஒரு சட்டி நிறையச் சோறு வைச்சன். மூண்டு நாளில வருவம் எண்டுதானே நினைச்சது. சாவகச்சேரியில இருந்து நான் நினைச்சதெல்லாம் அந்தச் சோறு எத்தினை நாளைக்குக் காணும் எண்டுதான். அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு வந்தம். சட்டி இருந்தது."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

"இவன் வந்து படியில இருந்து பாக்கேக்க, குடுக்காமல் கதவைப் பூட்ட எனக்கு ஏலாது பிள்ளை" என்றா. கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஏன் முதலே சொல்லேல்ல? வருத்தம் வருகுது எண்டால் நான் குடுப்பனே?" என்று கேட்டா. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

குடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் ஆச்சிதான் குடுப்பா, அதே அலுமினியக் கோப்பையில், அதே படியில். உள்ளே இருப்பது மட்டும் நாங்கள் அவித்து வைத்த மீனும் வெள்ளைச் சோறும். ஆச்சிக்கு முதலில் அது சாப்பாடாகவே தெரியவில்லை. "உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, பாவம் சீவன்" என்றா. ஆனால் அவன் நக்கித் துடைத்த பிறகு கோப்பையைப் பார்த்துச் சிரித்தா. ரெண்டு வாரத்தில் தானே மீன் வாங்கத் தொடங்கினா. கறிக்கு வெட்டும்போது, தூள் போட முதல், அவனுக்கு ரெண்டு துண்டை வேறாக எடுத்து அவித்து வைப்பா. இப்ப அந்த வீட்டில் ஆகக் கண்டிப்பான ஆள் அவதான். வந்த விருந்தாளி ஒருத்தர் ஜிம்மிக்குப் பணிஸ் துண்டு போடப் போக, "அவனுக்கு அது ஒத்துக்கொள்ளாது!" என்று கையைப் பிடித்துவிட்டா.

எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணினோம். இந்தத் தரம் திங்கட்கிழமைகள் 2 ஆக இருந்தன. காது சுகம். முடிவில் டொக்டர் சொன்னபடி, உப்புக் கூட இல்லாமல் அவித்த கோழியை மட்டும் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தோம், ஏனென்றால் ஆச்சியின் கறியில் வெங்காயம், தூள், எண்ணெய் எல்லாம் இருந்ததால் கோழிதான் காரணம் என்று அதுவரை நிச்சயமில்லை. மூன்றாம் நாள் கால் நக்கத் தொடங்கினான். நாலாம் நாள் 5. நிறுத்தினோம். திரும்ப 2 க்கு வந்தான். அவ்வளவுதான் பரிசோதனை. பிறகு அவித்த பூசணி சேர்த்துப் பார்த்தோம், ஒத்துக்கொண்டது. முட்டை இன்னும் பார்க்கவில்லை. அதைத் தொடங்குகிற நாளை ஹற்றன்காரிதான் முடிவெடுப்பாள், அது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

இப்ப நிறை 11.8 கிலோ. முழுச் சுகம் என்று சொல்லமுடியாது. இப்படியான வயிறு உள்ள நாய்க்கு முழுச் சுகம் என்று ஒன்று இல்லை, கவனமாக இருக்கிற நாட்கள்தான் இருக்கின்றன. போன மாதம் கூட ஒரு நாள் பக்கத்து வளவில் எதையோ தின்றுவிட்டு வந்து எங்களை இரவிரவாக முழிக்க வைத்தான். கொப்பியைப் பார்த்தோம், சோத்தைக் குழைய அவித்தோம், கொஞ்சம் கொஞ்சமாகக் குடுத்தோம். முன்னர் மாதிரிப் பயப்படவில்லை.

"உங்கட நாய்க்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?" என்று கம்பசில் இப்ப சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். மீனும் சோறும் என்று சொன்னால் அவர்களும் மீனும் சோறும் குடுக்கப் பார்க்கிறார்கள். அதனால் சாப்பாட்டின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டோம். உங்கட நாய்க்கு மீன் கூடாமல் இருக்கலாம். முதலில் புழு இருக்கா என்று பாருங்கள். பிறகு வீட்டில் யார் யார் குடுக்கிறார்கள் என்று பாருங்கள், எல்லாரும், அம்மம்மாவும் சேர்த்து. ஒரு கொப்பி வாங்குங்கள்.

இந்த செமஸ்டர் விடுமுறைக்கு நாலு பேரும் ஊருக்குப் போனோம். கொப்பியை ஆச்சியிடம் குடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பதினேழு நாளும் எழுதியிருக்கிறா. எங்கட 1, 2, 3 கணக்கு அவவுக்குச் சரிவரவில்லை. பழைய காலத்துச் சாய்ந்த எழுத்தில், "காலமை மீன், ரெண்டு கரண்டிச் சோறு. நல்லம்." "பின்னேரம் பூசணியும். நல்லம்." ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக: "இண்டைக்கு எனக்குக் கோழி. அவன் படியில இருந்து பாத்தவன். மீன் குடுத்தன். நல்லம்."